எவர்சில்வர் காத்தாடியில் கறை

எவர்சில்வர் துருப்பிடிக்குமா?

இப்படிக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். "துருப்பிடிக்காது என்றுதானே கூடுதலாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்" என்பார்கள். ஆனால் வீட்டில் எவர்சில்வர் புழங்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள். உப்புப் போட்டு வைத்த டப்பாவின் அடியில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி வந்ததை அவர்கள் பார்த்திருப்பார்கள். போர்த் தண்ணீர் காய்ந்த குடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்ததைத் தேய்த்திருப்பார்கள். இரும்பு நாரால் தேய்த்த பாத்திரத்தை ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் மறுநாள் செம்புள்ளி தெரியும். அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

வீட்டுப் பாத்திரத்துக்கே இப்படி. கடல் தண்ணீரில் சுற்றும் எவர்சில்வர் என்ன பாடுபடும்? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான். படகைத் தள்ளும் புரொப்பெல்லரைப் பற்றியது. கரையில் சிலர் அதைக் காத்தாடி என்பார்கள். சிலர் ஃபேன் என்பார்கள். இங்கே காத்தாடி என்றே வைத்துக்கொள்ளலாம்.

சின்ன அவுட்போர்டு எஞ்சின்களில் பெரும்பாலும் அலுமினியக் காத்தாடிதான் இருக்கும். கறுப்புச் சாயம் அடித்திருக்கும். இறக்கை சற்றுத் தடிப்பாக இருக்கும். பெரிய எஞ்சின்களில், வேகமாகப் போகும் படகுகளில், எவர்சில்வர் காத்தாடி போடுவார்கள். அதன் இறக்கை மெல்லியது. ஆனால் எளிதில் வளையாது. விலையும் கூட. அதனால்தான் அதில் ஒரு கறை வந்தாலும் உடையவர் மனம் பதறிப் போகிறது.

புதுச்சேரிப் பக்கம் ஒரு கடலோர ஊர். அங்கே ஒரு படகுக்காரர். சுற்றுலா வருகிறவர்களை ஃபைபர் படகில் ஏற்றுவார். கடலில் கொஞ்ச தூரம் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டு வந்து விடுவார். அதுதான் அவர் பிழைப்பு. எஞ்சினும் காத்தாடியும் பழையதாக வாங்கியவை. மழைக்காலத்தில் ஒன்றரை மாதம் படகு கரையில் கிடந்தது. எஞ்சினைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தார். மழை விட்டதும் போய்ப் பார்த்தார். காத்தாடியில் பழுப்பு, வெள்ளை, கறுப்பு என்று பல நிறம்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு குடும்பம் முன்பணம் கொடுத்திருந்தது. குழந்தைகளும் வருகிறார்கள். துருப்பிடித்த காத்தாடியைப் பார்த்தால் பயப்படுவார்களே என்று அவருக்குக் கவலை. கூட வேலை செய்யும் இளைஞன் ஒரு கம்பி பிரஷ்ஷையும், கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலையும் கொண்டு வந்தான். "அரை மணி நேரம் குடுங்கண்ணே. கண்ணாடி மாதிரி ஆக்கிடுறேன்" என்றான்.

அந்தப் பக்கமாக எஞ்சின் மேஸ்திரி வந்தார். வயதானவர். குனிந்து பார்த்தார். "தம்பி, கையை எடு. இதுல ஒரு கறையா இருக்கு? நாலஞ்சு இருக்கே! எது எதுன்னு பார்க்காம கழுவுனா எப்படி?" என்றார்.

அவர் சொன்னது சரியான பேச்சு. காய்ச்சல் எல்லாம் ஒரே காய்ச்சல் இல்லை. கறையும் அப்படித்தான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எவர்சில்வர் என்பது வெள்ளி இல்லை. அது இரும்புதான். இரும்போடு குரோமியம் என்னும் உலோகத்தைக் கலந்திருக்கிறார்கள். நூற்றுக்கு 10.5 பங்குக்குக் குறையாமல் குரோமியம் இருக்க வேண்டும். 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல இரும்பு தேடிக்கொண்டிருந்தார். அப்போது செய்து பார்த்த ஒரு கலவை எளிதில் அரிக்கவில்லை. எவர்சில்வர் பரவிய கதையில் அது ஒரு முக்கியமான கட்டம். வீட்டுப் பாத்திரங்களில் 18-8 என்று சொல்வார்கள். 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்று பொருள். காத்தாடிக்கு இன்னும் உறுதி வேண்டும். அதனால் வேறு வகைக் கலவையில் வார்க்கிறார்கள். பலவற்றில் குரோமியம் 15 முதல் 17 பங்கு வரை இருக்கும். நிக்கல் 4, 5 பங்கு இருக்கும்.

காந்தம் ஒட்டினால் அது எவர்சில்வர் இல்லை என்று பாத்திரக் கடையில் சொல்வார்கள். காத்தாடிக்கு அந்தச் சோதனை பொருந்தாது. காத்தாடி வார்க்கும் எவர்சில்வரில் பல வகைகளில் காந்தம் நன்றாகவே ஒட்டும். ஒட்டுகிறதே, ஏமாந்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம்.

குரோமியம் என்ன செய்கிறது? காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு தோல் போடுகிறது. கண்ணுக்குத் தெரியாத தோல். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் சில பங்குதான் அதன் கனம். அந்தத் தோல் இருக்கும் வரை உள்ளே இருக்கும் இரும்பு பத்திரம். கீறல் விழுந்தாலும் கவலை இல்லை. காற்று பட்டால் தோல் தானே மூடிக்கொள்ளும். கையில் கீறல் ஆறுவது போலத்தான்.

அந்தத் தோலுக்கு ஒரு பகை உண்டு. உப்பு. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு தோலைத் துளைக்கப் பார்க்கும். காற்று நன்றாகப் படும் இடத்தில் தோல் உடனே மூடிக்கொள்ளும். காற்றுப் படாத இடுக்கில் மூடாது. ஒட்டி வளர்ந்த சிப்பியின் அடியில், சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பின் கீழே, நட்டுக்கும் வாஷருக்கும் நடுவில் அரிப்பு உள்ளே இறங்கும். மேலே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே பள்ளம் இருக்கும். பல்லில் விழும் சொத்தையும் இப்படித்தானே?

மேஸ்திரி காத்தாடியைக் கழற்றச் சொன்னார். அதற்கு முன் எஞ்சின் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பையும் எடுத்தார். கியரை நியூட்ரலில் வைத்தார். பேட்டரி ஒயரையும், ஸ்பார்க் பிளக் ஒயர்களையும் கழற்றினார். இத்தனை எதற்கு என்று இளைஞன் முகம் சுளித்தான். கையால் காத்தாடியைச் சுற்றும்போது எஞ்சின் ஒரு சுற்றுப் பிடித்துக்கொண்டால் போதும். விரல்கள் போய்விடும். அப்படி விரல் இழந்தவர்கள் கடலோர ஊர்களில் உண்டு.

இறக்கைக்கும் அதற்கு மேலே உள்ள தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்தார்கள். காத்தாடி சுற்றாமல் அது பிடித்துக்கொண்டது. முனையில் உள்ள பின்னை நிமிர்த்தி எடுத்தார்கள். நட்டைக் கழற்றினார்கள். எடுத்த ஒவ்வொரு சாமானையும் ஒரு கோணியின் மேல் வரிசையாக வைத்தார்கள். எடுத்த வரிசைக்கு நேர் மாறாகத்தான் திரும்பப் போட வேண்டும். ஒரு வாஷர் இடம் மாறினாலும் காத்தாடி கியர் பெட்டியில் போய் உரசும்.

காத்தாடியை வெறும் நல்ல தண்ணீரிலும் சோப்பு நுரையிலும் துணியால் கழுவினார்கள். தேய்க்கவில்லை. பிறகு நிழலில் வைத்து ஒவ்வொரு கறையாகப் பார்த்தார்கள்.

நடுக்குடத்தைச் சுற்றிக் கறுப்பு. வண்டிச் சக்கரத்துக்குக் குடம் இருப்பது போலக் காத்தாடிக்கும் நடுவில் குடம் உண்டு. பெரும்பாலான அவுட்போர்டு எஞ்சின்களில் புகை அந்தக் குடத்தின் வழியாகத்தான் தண்ணீருக்குள் போகிறது. எரியாத எண்ணெயும் கரியும் அங்கே படியும். ஆயிலைக் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இது கூடுதல். மண்ணெண்ணெயில் ஓட்டினால் இன்னும் கூடுதல். விரலால் தொட்டால் மை போல ஒட்டும். இது வெறும் அழுக்கு. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் பிறகு சோப்பு போட்டால் போய்விடும். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. ஒரு தடவை துடைத்ததும் ஒரே வாரத்தில் அடை அடையாகத் திரும்ப வந்தால் காத்தாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. எஞ்சின் சரியாக எரியவில்லை என்று பொருள்.

இறக்கைகளின் மேல் மெல்லிய பழுப்பு. டீ டம்ளரில் படியும் கறை போல இருந்தது. வெளிநாட்டில் இதற்கு டீக்கறை என்றே பெயர். கரையில் தூக்கி நிறுத்திய காத்தாடியில் உப்புத் தண்ணீர் சொட்டிக் காய்கிறது. உப்பு தங்குகிறது. இரவில் பனி விழுகிறது. உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மேலேயே கிடக்கிறது. பகலில் காய்கிறது. இரவில் மறுபடி நனைகிறது. இப்படி நாற்பது நாள் போனால் பழுப்பு வரும். நல்ல மழை நேராக விழுந்த பக்கத்தில் கறை குறைவாக இருந்தது. மழை உப்பைக் கழுவிவிட்டது. தார்ப்பாய் மூடிய பக்கத்தில்தான் அதிகம். படகுக்காரருக்கு இது ஆச்சரியமாக இருந்தது. பாதுகாப்பு என்று அல்லவா அவர் மூடி வைத்தார்! கழுவாமல் மூடியதுதான் கோளாறு.

மேஸ்திரி நகத்தால் பழுப்பை உரசிப் பார்த்தார். நகம் வழுக்கியது. பள்ளம் இல்லை. நகம் எங்காவது தட்டினால் அது கறை இல்லை, அரிப்பு. நகச் சோதனைக்குக் காசு செலவில்லை. யாரும் செய்யலாம்.

ஒரு இறக்கையில் மட்டும் பொடிப் பொடியாகச் செம்புள்ளிகள் இருந்தன. கோடு கோடாக வரிசை பிடித்தது போல இருந்தன. மேஸ்திரி சிரித்தார். "போன வருஷம் கம்பி பிரஷ் போட்டியா?" என்று இளைஞனைக் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். கம்பி பிரஷ்ஷின் கம்பி சாதாரண இரும்பு. தேய்க்கும்போது அதன் தூள் எவர்சில்வரின் மேல் பதிந்துவிடுகிறது. அந்தத் தூள்தான் துருப்பிடிக்கிறது. இரும்பு அறுத்த கல்லால் எவர்சில்வரைத் தீட்டினாலும் இதே கதைதான். துரு வந்துவிட்டதே என்று மறுபடி கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். மறுபடி தூள் பதியும். சமையலறையில் இரும்பு நார் செய்வதைக் கரையில் கம்பி பிரஷ் செய்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுத்தம் செய்தபின் நல்ல தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி இரவு முழுவதும் வைக்க வேண்டும். காலையில் செம்புள்ளி வந்திருந்தால் இரும்புத் தூள் இன்னும் போகவில்லை.

பிறகு வெள்ளை. இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. சுண்ணாம்பு அடித்தது போல இறக்கைகளில் வெள்ளை படிந்திருந்தது. ஒரு சொட்டு வினிகர் விட்டார்கள். நுரைத்தது. சுண்ணாம்புதான். எலுமிச்சைச் சாறு விட்டாலும் நுரைக்கும். படகுக்காரர் நிம்மதியாக, "இது ஒண்ணும் இல்லையே அண்ணே" என்றார்.

"காத்தாடிக்கு ஒண்ணும் இல்ல தம்பி. வேற யாருக்கோ இருக்கு" என்றார் மேஸ்திரி.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு வகை உலோகங்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தால் அவற்றுக்கு நடுவில் மெல்லிய மின்சாரம் ஓடும். ஒரு உலோகம் கரையும். இன்னொன்று காப்பாற்றப்படும். எவர்சில்வரும் அலுமினியமும் சேர்ந்தால் கரைவது அலுமினியம்தான். எஞ்சினின் கால் பகுதி, அதாவது கியர் பெட்டி இருக்கும் பகுதி, அலுமினியம். அதற்காகத்தான் அங்கே ஒரு ஜிங்க் கட்டி வைக்கிறார்கள். ஜிங்க் என்பது துத்தநாகம். அது அலுமினியத்தை விட முந்திக்கொண்டு கரையும். தான் கரைந்து மற்ற இரண்டையும் காப்பாற்றும்.

இது பழைய வித்தை. 1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி ஆங்கிலேயக் கடற்படைக்குச் சொன்னது. அந்தக் காலத்தில் மரக் கப்பல்களின் அடியில் செப்புத் தகடு அடித்திருப்பார்கள். செம்பு கரையாமல் இருக்க அவர் துத்தநாகமும் இரும்பும் வைத்துப் பார்த்தார். செம்பு கரையவில்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள். செம்பு கரைந்து நஞ்சானதால்தான் அதுவரை சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் சிப்பி மண்டிவிட்டது. கப்பல் வேகம் குறைந்தது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. இரும்புக் கப்பல்கள் வந்தபின்தான் அவர் சொன்னது நன்றாகப் பயன்பட்டது.

இப்படிக் காப்பாற்றப்படும் உலோகத்தின் மேல்தான் கடல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளையாகப் படியும். ஆக, காத்தாடி வெள்ளையாக இருந்தால் யாரோ அதற்காகக் கரைகிறார்கள் என்று பொருள். கரைவது ஜிங்க் கட்டி என்றால் நல்லது. அதற்குத்தானே வைத்தது.

எல்லாரும் ஜிங்க் கட்டியைப் பார்த்தார்கள். புதிது போலப் பளபளவென்று இருந்தது. ஓரம் கூடத் தேயவில்லை. இளைஞன் சந்தோஷப்பட்டான். மேஸ்திரி ஒரு சாவியால் அதைச் சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது! எஞ்சினைப் பழையதாக விற்றவர் அழகுக்காகப் பெயிண்ட் அடித்தபோது ஜிங்க் கட்டிக்கும் சேர்த்து அடித்துவிட்டார். பெயிண்ட் அடித்த ஜிங்க், பூட்டிய கடை மாதிரி. உள்ளே சரக்கு இருந்தும் யாருக்கும் பயனில்லை.

அப்படியானால் கரைந்தது எது? எஞ்சினின் காலை விரலால் தடவிப் பார்த்தார்கள். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. ஒரு கொப்புளத்தை உடைத்தால் உள்ளே வெள்ளைப் பொடி. அதில் வினிகர் விட்டால் நுரைக்கவில்லை. அது சுண்ணாம்பு இல்லை. கரைந்துபோன அலுமினியம். பொடியைத் துடைத்தால் கீழே மிளகு அளவுக்குப் பள்ளம். காத்தாடியின் விலையைப் போலப் பல மடங்கு விலை அந்தக் காலுக்கு. படகுக்காரர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல வேளை, பள்ளம் ஆழமாகப் போகவில்லை. கொப்புளங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அலுமினியத்துக்கு உரிய பிரைமரும் பெயிண்டும் அடித்துவிடலாம். ஜிங்க் கட்டியைப் புதிதாக மாற்ற வேண்டும். அது உட்காரும் இடம் பெயிண்ட் இல்லாமல் உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஒரு வருஷம் ஆகியும் கரையவே இல்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும்.

படகு ஓடும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். கடலில் ஜிங்க் சரி. அலுமினியக் கலவைக் கட்டியும் சரி. ஸ்ரீநகர் தால் ஏரி போன்ற நல்ல தண்ணீரில் மக்னீசியக் கட்டி போடுவார்கள். நல்ல தண்ணீரில் ஜிங்க் மேல் ஆடை போலப் படிந்து அது தூங்கிவிடும். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் மழைக்காலத்தில் தண்ணீர் இனிக்கும், கோடையில் கரிக்கும். உப்பு உள்ளே ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணையே கட்டியிருக்கிறார்கள். ஒடிசாவின் சிலிக்கா ஏரியும் உப்பும் நல்ல தண்ணீரும் கலந்ததுதான். அப்படிப்பட்ட இடத்துக்கு அலுமினியக் கலவைக் கட்டி பொருத்தம்.

இன்னும் ஒரு நிறம் பாக்கி. ஒரு இறக்கையின் நுனிக்குச் சற்று உள்ளே விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, பிறகு நீலம். மயில் கழுத்து மாதிரி அழகாக இருந்தது. மேஸ்திரி அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். அடுப்பில் காய்ந்துபோன எவர்சில்வர் சட்டியில் இந்த நிறம் வரும். கடும் சூடு பட்ட அடையாளம். இறக்கை நுனி எப்போதோ உடைந்திருக்கிறது. யாரோ வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். வாங்கியபோது படகுக்காரருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

சூடு பட்ட இடத்தில் மேல் தோல் தடித்துவிடும். அதன் அடியில் குரோமியம் குறைந்துவிடும். அங்கே அரிப்பு முதலில் பிடிக்கும். அதை எடுக்கப் பட்டறையில் ஒரு கடும் அமிலப் பசை பூசுவார்கள். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சேர்ந்தது. தோலில் பட்டால் எலும்பு வரை போகும். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது.

மேஸ்திரிக்கு நிறத்தைப் பற்றிக் கவலை இல்லை. வெல்டிங் ஓரத்தைப் பற்றித்தான் கவலை. ஒரு பழைய சோதனை செய்தார். அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டார். பிறகு உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தார். சாக்பீஸை அரைத்து அதன் மேல் பூசினார். மேலே வெள்ளையாக நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளையின் நடுவில் மயிரிழை போல ஒரு ஈரக் கோடு எழும்பியது. நகத்தின் நீளம் இருக்கும். விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் சாக்பீஸில் ஊறி வெளியே வந்தது.

இளைஞன் கையில் இருந்த பிரஷ்ஷை மெதுவாகக் கீழே வைத்தான்.

ஆசிட்டும் கம்பி பிரஷ்ஷும் போட்டிருந்தால் மயில் நிறம் போயிருக்கும். காத்தாடி கண்ணாடி போல மின்னியிருக்கும். விரிசல் மட்டும் அங்கேயே இருந்திருக்கும். முழு வேகத்தில் நுனி ஒடிந்தால் காத்தாடி ஒரு பக்கம் கனத்து ஆடும். ஷாஃப்டையும் கியரையும் உதறிவிடும். குழந்தைகளோடு படகு நடுக்கடலில் நின்றிருக்கும்.

"ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்றது அண்ணே?" என்றார் படகுக்காரர். அவரிடம் எஞ்சினோடு வந்த பழைய அலுமினியக் காத்தாடி ஒன்று வீட்டுப் பரணில் இருந்தது. அவர் மனைவி அதை எடுத்து வந்தார். அப்படியே காத்தாடியையும் பார்த்தார். ஆசிட் பாட்டிலையும் பார்த்தார். "ஏங்க, பூஜைச் சாமான் தேய்க்கிற எலுமிச்சை உப்பு இருக்கே, அது போதாதா இதுக்கு?" என்று கேட்டார்.

போதும். தாராளமாகப் போதும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு என்பது சிட்ரிக் அமிலம். பட்டறைகளிலும் எவர்சில்வரின் மேல் பதிந்த இரும்புத் தூளை எடுக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். இரும்புத் தூளை அது கரைக்கும். குரோமியத் தோலைக் கெடுக்காது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் போட்டுக் கரைத்தார்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்தார்கள், அலுமினியப் பாத்திரத்தில் இல்லை. துணியை அதில் நனைத்து இறக்கையில் சுற்றி அரை மணி நேரம் விட்டார்கள். வெள்ளை நுரைத்துக் கரைந்தது. பழுப்பு துணியில் இறங்கியது. செம்புள்ளிகளை மட்டும் நைலான் பிரஷ்ஷால் இன்னொரு தடவை தேய்க்க வேண்டியிருந்தது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் உதவும். அதில் இரும்பு இல்லை. தேய்த்தால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். இறக்கை ஓரம் கத்தி போல இருக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவித் துடைத்தார்கள். காற்றில் வைத்தார்கள். காற்றுதான் தோலைத் திரும்ப வளர்க்கும்.

அதற்கும் போகாத பிடிவாதக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த பொடி உண்டு. அது விஷம். கண்ணாடியும் கையுறையும் வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

கக்கூஸ் ஆசிட் ஏன் கூடாது? அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் இருப்பதே குளோரைடு. உப்பு பல வாரம் செய்யும் வேலையை அது சில நிமிடத்தில் செய்யும். கறை போகும்போது தோலும் போகும். பளபளப்பு வரும். பத்து நாளில் ஊசிக்குத்துப் பள்ளங்கள் வரும். அலுமினியக் காலில் ஒரு சொட்டு விழுந்தாலும் பொங்கும். பிளீச்சிங் பவுடரும் எவர்சில்வருக்கு ஆகாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும். மூச்சை அடைக்கும். ஆளைக் கொல்லும். எந்தக் கறைக்காகவும் அந்தக் காரியத்தைச் செய்யக் கூடாது.

இளைஞன் கொண்டு வந்த பாட்டிலில் லேபிளே இல்லை. அது பழைய குளிர்பானப் பாட்டில். மணலில் விளையாடும் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? படகுக்காரரின் மனைவி அதை வாங்கி, தாளில் பெரிய எழுத்தில் "ஆசிட் - விஷம்" என்று எழுதி ஒட்டி, உயரத்தில் வைத்துவிட்டார்.

காத்தாடி இருந்த ஷாஃப்டில் கடைசியாக ஒன்று அகப்பட்டது. வாஷருக்குப் பின்னால் தங்கூசி நரம்பு சுற்றி இறுகிக் கிடந்தது. கடலில் யாரோ விட்ட நரம்பு. அது உள்ளே உள்ள சீலை அறுத்தால் கியர் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார்கள். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். ஆயில் தெளிவாக இருந்தது. நரம்பை அறுத்து எடுத்தார்கள். அதன் அடியில் பழுப்பு இருந்தது, நகம் தட்டவில்லை.

பழைய அலுமினியக் காத்தாடியின் குடத்தில் எண்கள் பொறித்திருந்தன. 13 x 17. எவர்சில்வர் காத்தாடியில் 13 x 19. முதல் எண் காத்தாடியின் குறுக்களவு, அங்குலத்தில். இரண்டாவது எண், ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்பது. திருகாணி மரத்தில் இறங்குவது போல. தண்ணீரில் கொஞ்சம் வழுக்கும், அதனால் முழுதும் போகாது. 17 போட்டால் எஞ்சின் சுலபமாகச் சுற்றும். வேகம் குறையும். முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் அளவுக்கு மேல் சுற்றிவிடும். "முக்கால் கையோட நிறுத்திக்க" என்றார் மேஸ்திரி. இந்த எண்களைத் தேய்த்து அழித்துவிட்டால் அடுத்த காத்தாடி வாங்கும்போது திண்டாட வேண்டியதுதான்.

ஷாஃப்டின் பல்லில் கடலுக்கு உரிய கிரீஸ் தடவினார்கள். வாஷர்களை வரிசைப்படி போட்டார்கள். நட்டை முறுக்கினார்கள். பழைய பின்னைத் திரும்பப் போடவில்லை. புதிய பின் போட்டு வளைத்தார்கள். கையால் சுற்றிப் பார்த்தார்கள். எங்கும் உரசவில்லை.

விரிசல் விட்ட காத்தாடியில் அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார் மேஸ்திரி. துறைமுகத்தில் காத்தாடி வேலை செய்யும் பட்டறைக்குத் திங்கட்கிழமை எடுத்துப் போக வேண்டும். பழைய வெல்டிங்கை முழுதும் எடுத்துப் புதிதாக வைத்து, எடை சமமாக இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துத்தான் திருப்பித் தருவார்கள். முடியாது என்றால் பழைய இரும்பு விலைக்குப் போகும்.

ஞாயிறு காலை அந்தக் குடும்பம் வந்தது. வழக்கமாக இருபது நிமிடத்தில் போகும் இடத்துக்கு அன்று அரை மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்ததும் படகுக்காரர் எஞ்சினைத் தூக்கினார். இளைஞன் இரண்டு வாளி நல்ல தண்ணீரைக் காத்தாடியின் மேலும் காலின் மேலும் ஊற்றினான். காய்ந்தபிறகுதான் தார்ப்பாயைப் போட்டான்.